ஷரீப் ராவுத்தரின் குதிரைமுடி பிரஷ்

கம்பம் ஊரில் யாராவது ஷரீப் ராவுத்தருக்குக் கை கொடுத்து நலம் விசாரித்தால், அவர் பார்வை அவர்கள் கண்ணில் நிற்காது. கன்னத்துக்குப் போகும். அங்கிருந்து தாடையோரமாக இறங்கிக் கழுத்தில் கொஞ்ச நேரம் தங்கிவிட்டு, ஒரு பெருமூச்சோடு திரும்பி வரும்.

"பிளேட எதுத்து இழுத்துருக்கீக மாப்ள. கழுத்துல கீழருந்து மேல போகக் கூடாது. அங்கன முடி சாஞ்சு ஓடுது பாருங்க" என்பார்.

கை கொடுத்தவர் பேங்க் மேனேஜராக இருந்தாலும் சரி, உர லாரி டிரைவராக இருந்தாலும் சரி, இதைக் கேட்காமல் தப்பமுடியாது.

சுருளிப்பட்டி ரோட்டில் அவருக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மீசை உண்டு, நரைத்த மீசை. அதற்குக் கீழே எல்லாம் உரித்த நுங்கு. அவர் குரலைப் பிடித்துப் பேசிக் காட்டுவது எனக்கு ரொம்பச் சுலபம். முகத்தில் நுரையோடு ஒருவர் எப்படிப் பேசுவாரோ அப்படித்தான் எந்நேரமும் பேசுவார். உதடு அதிகம் திறக்காது, வார்த்தை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கொத்து வெட்டுகிற பெண்களைப் பார்த்து அந்தக் குரலில் நான், "ஆத்தா, பழத்தத் தொடாம காம்பப் பிடிச்சு வெட்டுங்க" என்றால், அன்னத்தாய் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "சரிங்க மொதலாளி" என்பார். மொதலாளி எனக்குப் பக்கத்திலேயே நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருப்பார்.

இந்தச் சவரக் கிறுக்கு அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. தொண்ணூற்றாறில் அவர் முகத்தில் தாடி இருந்தது. ஆசைப்பட்டு வைத்ததில்லை, வேறு வழியில்லாமல் வைத்தது. அவருடையது சுருள் முடி. மழித்தால், முளைக்கிற முடி வெளியே வராமல் வளைந்து தோலுக்குள்ளேயே போய்க் கழுத்தெல்லாம் கட்டி கட்டியாகக் கிளம்பிவிடும். தேனியில் ஒரு தோல் டாக்டர், சவரத்தை நிறுத்துங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இவரும் நிறுத்தினார். அந்த வருஷம் திராட்சைக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து மருந்தடித்தபோது, காற்று திரும்பி அந்த நீலப்பச்சை அத்தனையும் தாடியில் வந்து இறங்கியது. வீட்டு வாசலில் அவரைப் பார்த்த மனைவி பாத்திமா அக்கா, மகளைக் கூப்பிட்டாராம்:

"அப்ரின், இங்கன ஓடி வாத்தா. ஒங்கத்தா கிளியாப் போயிட்டாக!"

அது நாலு முறை தேய்த்துக் குளித்தும் போகவில்லை. கடைவீதியில் "என்னா கிளி, எப்படி இருக்கீக" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ராவுத்தர் தாடியை எடுத்தே தீருவது என்று உட்கார்ந்தார். ஆனால் பழைய அவசரம் இல்லை. கண்ணாடி முன்னால் விரலால் தடவித் தடவி, எந்த இடத்தில் முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தார். வலது கன்னத்தில் நேரே கீழே. இடது தாடையில் காதைப் பார்த்து. தொண்டைக்குழியில் ஒரு சுழி. "வாய்க்கா தண்ணி மாதிரிதான் மாப்ள. அது போற போக்குல நாம போனா அதுபாட்டுக்கு நம்மள விட்டுரும்" என்பது அவர் கண்டுபிடிப்பு. அந்தக் காலத்து ஒற்றை பிளேடு ரேசர், கனமான கைப்பிடி. வெந்நீர்த் துண்டு, சோப்பை நன்றாகக் குழைத்து ஏற்றிய நுரை. அழுத்தாமல் ரேசரின் கனத்திலேயே இறக்குவது. கடைசியில் படிகாரக் கல். கொஞ்ச நாளில் கழுத்துக் கட்டியெல்லாம் அடங்கிப்போயிற்று.

அதன்பிறகு பாத்திமா அக்காவின் புகார் மாறியது. "காலையில எந்திரிச்சா பொண்டாட்டி மொகத்தப் பாக்குறதில்ல. அவுக கன்னத்த அவுகளே தடவிக்கிட்டு ஒக்காந்துருக்காக."

இந்தக் கிறுக்கு முதலில் ஒட்டியது சீனிச்சாமிக்கு. லோயர் கேம்ப் பவர் ஹவுசில், தண்ணீரில் கரண்டு எடுக்கிற இடத்தில் வேலை. வருஷக்கணக்காக டர்பைன் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பேசி, ரகசியத்தைக்கூடக் கூவித்தான் சொல்லுவார். பழம் வாங்கத் தோட்டத்துக்கு வந்தவர் ராவுத்தரின் கன்னத்தைப் பார்த்தார். "என்னா பிளேடு?" என்று அவர் கேட்ட சத்தத்தில் பந்தலில் இருந்த மைனாவெல்லாம் பறந்துவிட்டது. அடுத்து வைகுண்டராஜ். கம்பத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர். அவர் எதைச் சொன்னாலும் திரையைப் பார்த்து வாசிப்பதுபோலவே இருக்கும். வெளிநாட்டில் இதே கிறுக்குப் பிடித்தவர்கள் கூடிப் பேசுகிற ஒரு இணையதளத்தைக் கண்டுபிடித்து, அதில் போய் எந்நேரமும் உட்கார்ந்திருந்தார். நான் ரீசார்ஜ் கடை. எனக்குச் சவரத்தைவிட இந்த மூன்று குரல்களின் மேல்தான் ஆசை. ஆனாலும் போய் மாட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திராட்சைப் பந்தலின் கல்தூண்களில் ஆளுக்கொரு கண்ணாடி தொங்கும். தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு போட்டால் நுரைக்குப் பதிலாகத் திரிந்த பால் மாதிரி ஏதோ வரும். அதனால் சீனிச்சாமி வரும்போதே ஒரு கேனில் லோயர் கேம்ப் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவார். அந்த ஆற்றுத் தண்ணீரை விட்டுக் கொட்டாங்குச்சியில் பிரஷைச் சுழற்றினால் நுரை மெத்துமெத்தென்று எழும்பி வரும். யார் நுரை கவிழ்த்தாலும் விழாமல் நிற்கிறது என்று போட்டி வேறு. சீனிச்சாமி ஒருமுறை தலைக்கு மேலே கவிழ்த்துக் காட்டினார். நிற்கவில்லை.

பிளேடை ராவுத்தர் பாக்கெட் பாக்கெட்டாகக் கொடுப்பார். சோப்பும் கொடுப்பார். ஆனால் பிரஷ் மட்டும் தரமாட்டார். அடுத்தவர் பிரஷை வாங்கவும் மாட்டார். அவருடைய கொட்டாங்குச்சிக்குள் இன்னொருத்தர் பிரஷ் போகக் கூடாது. "ராவுத்தரு கிண்ணம் தனிக் கிண்ணம்" என்று சீனிச்சாமி ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்லுவார். ராவுத்தர் சிரிப்பாரே தவிர பதில் சொன்னதில்லை.

இன்னொன்றும் உண்டு. பிரஷ் விற்கிற கடை எதற்குள் நுழைந்தாலும் அவருடைய முதல் கேள்வி விலை இல்லை. கையில் வாங்கமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்து, "இது என்னா முடி?" என்பார். மதுரையில் ஒரு கடைக்காரர், இந்தாள் நம்மைத் திட்டுகிறானோ என்று சண்டைக்கே வந்துவிட்டார். குமுளியில் ஒரு பேன்சி ஸ்டோர் மலையாளிதான் நிதானமாகப் பதில் சொன்னார். "குதிரையாணு இக்கா. சத்யம்."

"சத்தியமா?"

"எண்டெ பிள்ளேரெ மேல் சத்யம்."

அதற்குப் பிறகுதான் ராவுத்தர் கை நீட்டி வாங்கினார். அந்தக் குதிரைமுடி பிரஷ்தான் வருஷக்கணக்காக அவரிடம் இருந்தது. முடி கொட்டி, கைப்பிடி விரிசல் விட்டு, விரிசலில் திராட்சைப் பந்தல் கட்டுகிற நைலான் நூலைச் சுற்றி வைத்திருந்தார். அந்த மலையாளி சத்தியம் பண்ணியதை நான் நடித்துக் காட்டாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. நாங்கள் எல்லோரும் சிரிப்போம். இவருக்கு ஏன் முடியைப் பற்றி இத்தனை கவலை என்று எங்களில் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. ரசனைக்காரர், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டோம்.

இரண்டாயிரத்து எட்டில் அப்ரினுக்கு உத்தமபாளையத்தில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணப் பெண்ணுக்கு எல்லோரும் சீர் செய்கிறார்கள், பெண்ணைப் பெற்றவருக்கு யார் செய்வது என்று சீனிச்சாமிக்கு ஒரு யோசனை. வைகுண்டராஜ் அந்த இணையதளத்தில் எல்லோரும் கொண்டாடிய ஒரு இத்தாலி பிரஷைத் தேர்ந்தெடுத்து, துபாயில் இருக்கிற மச்சான் மூலமாக வரவழைத்தார். வெள்ளைக் கைப்பிடி. பனங்காய் அளவுக்குக் கொழுத்த முடிக்கட்டு. கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு தோட்டத்தில் வைத்துக் கொடுத்தோம்.

ராவுத்தர் பெட்டியைத் திறந்தார். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எங்கள் மூன்று பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எனக்கா?" என்றார்.

"பின்ன என்னா, எனக்கா?" சீனிச்சாமி கூவினார். "கல்யாணத்தன்னைக்குக் காலையில இதுலதான் ராவுத்தரே நுரை போடணும். சம்பந்தி கட்டிப் பிடிக்கும்போது வழுக்கி விழுந்துரணும்!"

"ம்" என்றார் ராவுத்தர். பெட்டியை மூடினார். கண் கலங்கியிருந்தது. வெளிநாட்டுச் சாமானைப் பார்த்து மனுஷன் உருகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டோம். அந்தச் சந்தோஷத்தில் சீனிச்சாமி நூல் சுற்றிய பழைய பிரஷைத் தூணிலிருந்து எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "இனிமே இந்தத் தேஞ்ச வெளக்கமாறு எதுக்கு?"

ராவுத்தர் கை லேசாக நீண்டது. பிறகு மடங்கிவிட்டது.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பிரவுசிங் சென்டரிலிருந்து வைகுண்டராஜ் என்னைக் கூப்பிட்டார். போனபோது சீனிச்சாமியும் அங்கே இருந்தார். ராவுத்தரோடு அந்தப் பிரஷையும் வைத்துப் படம் எடுத்து வைகுண்டராஜ் இணையதளத்தில் போட்டிருக்கிறார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் வாழ்த்தி எழுதியிருந்தார். வைகுண்டராஜ் அதைத் தமிழில் வாசித்தார், பஞ்சாயத்தில் தீர்ப்பு வாசிக்கிற குரலில்.

"அருமையான பிரஷ். பன்றி முடி பிரஷ்களிலேயே இதுதான் ராஜா. முதல் பத்து நாள் நனைத்தால் பன்றி வாடை அடிக்கும். பொறுத்துக்கொள்ளவும்."

சீனிச்சாமி தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப என் பிரஷ்ஷு?" என்றார் சீனிச்சாமி. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் குரல் இறங்கியிருந்தது.

"அதுவும்தான். கடையில விக்கிறதுல முக்காவாசி அதுதான்."

தனிக் கிண்ணம் ஏன் தனிக் கிண்ணம் என்பது ஒரே சமயத்தில் மூன்று மண்டைக்குள்ளும் போய் உட்கார்ந்தது. பன்றி என்றால் முஸ்லிம்களுக்கு ஆகாது என்பது கம்பத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பிரஷும் அந்தப் பன்றியிலிருந்து வரும் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை. அதைத்தான் மகள் கல்யாணத்தன்று காலையில் முகத்தில் பூசிக்கொள் என்று கையில் கொடுத்திருக்கிறோம்.

"நா போயிச் சொல்லிட்டு வர்றேன்" என்று சீனிச்சாமி எழுந்தார்.

"ஒக்காரு. கல்யாண வீட்டுல ஒரம்பரை நெறஞ்சு கெடக்காக. நீ காதுல சொன்னா மாப்ள வீட்டுக்கே கேக்கும்" என்றார் வைகுண்டராஜ். "போன்ல சொல்லுவோம். அதுவும் நாம சொன்னதா இருக்க வேணாம். ஏலே அழகரு, ஒனக்குத்தான் நூறு குரல் இருக்கே. கம்பெனியிலருந்து பேசுற மாதிரிப் பேசு. பிரஷ்ல ஏதோ கோளாறு, திருப்பி எடுத்துக்கிறோம்னு சொல்லு."

ராவுத்தர் நம்பரைப் போட்டுவிட்டு நான் மூக்கைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு சென்னைக் குரலுக்குப் போனேன். "வணக்கம் சார். பிரஷ் கம்பெனியிலேர்ந்து பேசறோம் சார். உங்க பீஸ்ல ஒரு சின்ன டிபெக்ட் சார். யூஸ் பண்ணிடாதீங்க சார், நாங்க வந்து கலெக்ட் பண்ணிக்கறோம்."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம், பிள்ளைகள் சத்தம். பிறகு வழுக்கிக்கொண்டு வந்தது குரல்.

"எந்த ஊரு கம்பெனிங்க?"

"இத்தாலி சார்."

"இத்தாலிக்காரரு நல்லாத் தமிழ் பேசுறீகளே. காலையில தோட்டத்துக்கு வாங்க சார். இப்ப விருந்தாளுக வந்துக்கிட்டிருக்காக."

வைத்துவிட்டார்.

"நம்பிட்டாரா?" என்றார் சீனிச்சாமி.

"நம்புனா மாதிரியும் இருக்கு. நம்பாத மாதிரியும் இருக்கு" என்றேன். யூஸ் பண்ணமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அதுதான் இடித்தது.

வீட்டில் அத்தனை கூட்டத்துக்கும் குளியலறை ஒன்றுதான். அதனால் காலைத் தொழுகை முடித்துத் தோட்டத்துக்கு வந்துதான் சவரம் செய்வேன் என்று ராவுத்தர் முன்பே சொல்லியிருந்தார். வெளிச்சம் வரும்போதே மூன்று பேரும் ஒரே வண்டியில் கிளம்பினோம். நடுவில் உட்கார்ந்த வைகுண்டராஜ் மடியில் தண்ணீர்க் கேன். வேலிப் படலைத் திறக்கும்போதே பந்தலுக்குள் தெரிந்துவிட்டது. ராவுத்தர் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி தூணில் தொங்கியது. முகமெல்லாம் வெள்ளை.

"ராவுத்தரேய்ய்!"

சீனிச்சாமி ஓடினார். வாய்க்காலைத் தாண்டினார், பாதித் தூரம்தான் தாண்ட முடிந்தது. முழங்கால் வரை சேறோடு எழுந்து போய் ராவுத்தர் முன்னால் நின்று, அந்த நுரையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"போச்சு. பூசிட்டீகளா? அது பன்னி முடி ராவுத்தரே! பன்னி! சத்தியமாத் தெரியாது! தெரிஞ்சா குடுப்பமா?"

அந்த இரண்டு 'பன்னி'யும் சுருளிமலையில் மோதித் திரும்பி வந்திருக்கும்.

ராவுத்தர் மெதுவாகத் திரும்பினார். அப்போதுதான் பார்த்தோம். முகத்தில் இருந்தது நுரையே இல்லை. திட்டுத் திட்டாகத் திரிந்த பால். இடது கையில் சோப்பு. வலது கையில் ஒன்றுமே இல்லை. உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்து, கிணற்றுத் தண்ணீரில் பாவம் அவ்வளவுதான் வந்திருக்கிறது. மோட்டார் ரூம் மாடத்தில் பெட்டி இருந்தது, நாங்கள் கட்டிக் கொடுத்த ரிப்பனோடு.

"தெரியும்" என்றார் ராவுத்தர்.

"எப்பத் தெரியும்?"

"தொறந்தப்பவே தெரியும். நுனி ரெண்டா பிளந்துருக்கு பாரு. அதோட முடிதான் அப்புடிப் பிளக்கும். இத்தன வருசமா கடை கடையா என்னா முடி என்னா முடின்னு கேட்டவனுக்கு இது தெரியாதா?"

"அப்பவே சொல்லிருக்கலாம்ல!"

"எப்புடிச் சொல்றது? நீ பல்லு அம்புட்டையும் காட்டிக்கிட்டு நிக்கிற. வைகுண்டராஜு போட்டோ எடுக்குறாரு. கல்யாணம் முடியட்டும், பெறகு ஏதாச்சும் சொல்லிக்கிடலாம்னு வச்சுட்டேன்." என் பக்கம் திரும்பினார். "என்னங்க இத்தாலி, வண்டியில வந்தீகளா, பிளைட்டுல வந்தீகளா?"

நான் வைகுண்டராஜுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"மன்னிச்சுக்கங்க" என்றார் வைகுண்டராஜ், தரையைப் பார்த்து.

"அட, தெரியாமக் குடுத்ததுக்கு என்னாத்துக்கு மன்னிப்பு? எனக்கு இப்ப இருக்குற ஒரே கவல இந்த மொகம்தான். என் மக கல்யாணம். இந்த நுரையில இழுத்தா கழுத்துல பழைய கட்டியெல்லாம் திரும்ப வந்துரும். சுத்தமா வழிக்காமப் போனா பாத்திமா சபையில வச்சுக் கேப்பா. பிரஷ்ஷத் தூக்கிட்டுப் போனியே, அத என்னடா பண்ணுன? எறிஞ்சுட்டியா?"

சீனிச்சாமி சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துவிட்டுச் சட்டைப் பைக்குள் விட்டார். துணியில் சுற்றியிருந்த பழைய பிரஷ் வெளியே வந்தது. பிரஷ் ஈரமாக இருந்தது.

"எறியல" என்றார். "நாலஞ்சு நாளா நாந்தான் போட்டுக்கிட்டு இருக்கேன். ரொம்ப நாளா அதுமேல ஒரு கண்ணு."

ராவுத்தர் அவர் தாடையைப் பிடித்துத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். "அதான பாத்தேன். என்னடா இது, மூஞ்சி மனுச மூஞ்சி மாதிரி இருக்கேன்னு." பிறகு பிரஷை வாங்கி, மோட்டாரைப் போடச் சொன்னார். குழாயிலிருந்து கொட்டுகிற தண்ணீரில் அதைப் பிழிந்து பிழிந்து, மறுபடி நனைத்துப் பிழிந்து, நிதானமாகக் கழுவினார். முகத்தில் இருந்ததையும் கழுவினார்.

கேனிலிருந்து லோயர் கேம்ப் தண்ணீரைச் சீனிச்சாமி கொட்டாங்குச்சியில் ஊற்றினார். "குடுங்க. இன்னைக்கு நாந்தான் போட்டுவிடுவேன்."

"கை கழுவு மொதல்ல. சேறு."

கழுவிவிட்டு வந்து, பிரஷைச் சுழற்றினார். நுரை எழும்பியது. கன்னத்தில் வைத்து வட்டம் வட்டமாக ஏற்ற ஆரம்பித்தார். ராவுத்தர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு, "அங்கன சுழி இருக்கு, பாத்துப் போ" என்றார்.

"எனக்குத் தெரியும். பேசாம இருங்க."

"மெதுவாப் பேசு. கல்யாண வீட்டுக்குக் கேக்கப் போகுது."

அன்று அந்த ரேசர் இறங்கிய சத்தம் எனக்கு இன்னும் நடிக்க வரவில்லை. காய்ந்த திராட்சை இலையின் மேல் எறும்பு போகிற சத்தம் மாதிரி ஒன்று. ஒரு கீறல் இல்லை. கடைசியில் படிகாரத்தைத் தேய்த்து, முகத்தைத் துடைத்து, எங்களை வரிசையாகத் தடவிப் பார்க்கச் சொன்னார். தடவினோம்.

நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளையின் அத்தா வந்து ராவுத்தரைக் கட்டிப் பிடித்தார். கன்னத்தோடு கன்னம் வைத்து ஒரு பக்கம், மறு பக்கம். மூன்றாவது தடவை போகும்போது நின்றுவிட்டார். கொஞ்சம் பின்னால் போய் ராவுத்தர் கன்னத்தைப் பார்த்தார். அந்தச் சம்பந்தியின் கழுத்தில் சட்டைக் காலருக்கு மேலே சின்னச் சின்னதாகக் கட்டி. நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"சம்பந்தி" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "தப்பா நெனைக்காதீக. என்னா பிளேடு போடுறீக?"

ராவுத்தர் முகம் மலர்ந்ததைப் பாத்திமா அக்கா பந்தலின் அந்தக் கோடியிலிருந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"பிளேடு கெடக்கட்டும் சம்பந்தி. ஞாயித்துக்கெழம தோட்டத்துக்கு வாங்க. வரும்போது பிரஷ் மட்டும் ஒண்ணு வாங்கிட்டு..."

"என்னா முடின்னு கேட்டுட்டு வாங்குங்க!" என்றார் சீனிச்சாமி பின்னாலிருந்து. சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.